மூன்றாவது கேள்வி கிடையாது

வாக்களிப்பு நிலையத்தில் வேலை செய்ய நம் பிள்ளைகள் பலர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையாகவே சந்தோஷம். ஏழு வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்த கதிரையில், முழங்கால் நாடியில் இடிக்க, விடியற்காலை முதல் இரவு பத்து மணி வரை உட்கார்ந்திருப்பதற்கு லண்டனில் இன்னும் ஆள் கிடைக்கிறது என்றால் ஜனநாயகம் அவ்வளவு மோசமாகப் போய்விடவில்லை. பெட்டியை எப்படி முத்திரையிடுவது, பென்சிலை எவ்வளவு நீளக் கயிற்றில் கட்டுவது என்பதெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை. பயிற்சி வகுப்பில் சொல்லித் தராத ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் செய்த பிழையைப் பற்றி.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் கவுன்சிலில் வீட்டுப் பிரிவில் எழுதுவினைஞராக இருந்தவன். தேர்தல் வந்தால் அன்று மட்டும் அந்த மேசையை விட்டு வாக்களிப்பு நிலையத்து மேசைக்குப் போவேன். எண்பத்துமூன்றாம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தொடங்கி தொண்ணூற்றேழு வரை ஒன்றையும் தவறவிடவில்லை. கட்சிகளின் பெயரையோ நிறத்தையோ இங்கே எதிர்பார்க்காதீர்கள். வேலையில் இருந்த காலத்தில் என் மனைவிக்கே நான் யாருக்கு வாக்களித்தேன் என்று சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை. ஆனால் அவள் யாருக்குப் போட்டாள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் என்னுடையது தெரியும், அது வேறு கதை.

இப்போது நீங்கள் படம் ஒட்டிய அடையாள அட்டை கேட்கிறீர்கள். அது சரியா பிழையா என்று கட்சிக்காரர்கள் தொலைக்காட்சியில் அடித்துக்கொள்கிறார்கள். என் காலத்தில் பெயர், விலாசம், அவ்வளவுதான். ஆனால் சண்டை அப்போதும் இருந்தது. இலங்கை, இந்தியா போன்ற பொதுநலவாய நாடுகளிலிருந்து வந்தவர்கள் இங்கே குடியிருந்தால், பிரித்தானியக் குடியுரிமை இல்லாவிட்டாலும் வாக்களிக்கலாம் என்பது சட்டம். “நேற்று வந்தவர்களுக்கெல்லாம் வாக்கா?” என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். தெற்கு லண்டனில் டூட்டிங் பக்கம் ஒரே வீட்டில் இரண்டு குடும்பம், மூன்று குடும்பம் என்று நம்மவர்கள் இருந்த காலம். ஒரு விலாசத்தில் எட்டு வாக்காளர் என்று பார்த்தவுடனேயே சிலருக்குப் புருவம் உயரும்.

எண்பத்துமூன்றில் நான் வெறும் எழுத்தர். எனக்கு மேலே தலைமை அலுவலராக இருந்தவர் ஒரு ஆங்கிலேயப் பெண்மணி. பொது நூலகத்தில் வேலை செய்தவர். சட்டப் புத்தகத்தை இறப்பர் பட்டி போட்டுக் கைப்பையில் வைத்திருப்பார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்று எனக்காக நான்கு தரம் துடைத்தார்.

காரணம் இதுதான். யாழ்ப்பாணத்தில் எனக்குக் கணக்குப் படிப்பித்த ஆசிரியர் ஒருவர் வாக்களிக்க வந்துவிட்டார். லண்டனில் அவரை எதிர்பார்க்கவே இல்லை. “வாங்கோ மாஸ்ரர், எப்ப வந்தனீங்கள், இருங்கோ” என்று எழுந்து நின்று குசலம் விசாரித்தேன். வாக்காளர் வரிசை சுவர் வரை நீண்டது. மண்டபத்தில் இருந்த ஒரு கட்சிக்காரர் எழுந்து, “அந்த எழுத்தர் அவருக்கு யாருக்குப் போடச் சொல்லிக்கொடுக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். நான் மாஸ்ரரின் முழங்கால் வலியைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த மனிதர் கேட்டதிலும் பிழையில்லை. அவருக்குத் தமிழ் தெரியாதே.

அம்மையார் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: “இன்றைக்கு நீ யாருக்கும் பக்கத்து வீட்டுக்காரன் இல்லை. நாளைக்கு அவர் வீட்டுக்குப் போய்த் தேநீர் குடி.”

நல்ல புத்திமதி. நான்தான் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து தமிழர் யாராவது மேசைக்கு வந்தால் என் முகம் இறுகிவிடும். ஆங்கிலேயர் வந்தால் “குட் மோர்னிங்” என்று சிரிப்பேன், தமிழர் வந்தால் சிரிக்கமாட்டேன். கோயிலில் பார்த்த ஆளாக இருந்தால் இன்னும் மோசம், அவருடைய பெயரை இரண்டு தரம் கேட்பேன். இதற்கு நடுநிலை என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் கூச்சமும் வருகிறது.

எண்பத்தேழாம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் என்னைத் தலைமை அலுவலராக்கினார்கள். டூட்டிங்கில் ஒரு ஆரம்பப் பள்ளியின் மண்டபம். ஆனி மாத வெயில். சுவரெல்லாம் பிள்ளைகள் கீறிய சூரியகாந்திப் பூக்கள். மனைவி புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டித் தந்திருந்தாள். அதை எந்த நேரத்தில், எந்த மூலையில் வைத்துச் சாப்பிட்டால் மண்டபம் முழுக்க மணக்காது என்பதுதான் காலையில் என்னுடைய ஒரே கவலை.

மண்டபத்தின் ஓரத்தில் ஒரு கட்சியின் முகவர் உட்கார்ந்திருந்தார். ஆள்மாறாட்டம் நடக்கிறதா என்று கவனிக்கக் கட்சிகள் அனுப்பும் ஆள். ஓய்வுபெற்ற புகையிரத ஊழியர், கையால் பின்னிய கையில்லாச் சட்டை, மடியில் கோடு போட்ட கொப்பி. ஒவ்வொரு முறையும் “மன்னிக்கவேண்டும்” என்று தொடங்கித்தான் ஆட்சேபம் சொல்வார். கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பெயரை வாசிக்க வாசிக்கத் தன் கையிலிருந்த வாக்காளர் பட்டியலில் கோடு கீறிக்கொண்டே இருந்தார். அவருடைய வேலையை அவர் என்னைவிட ஒழுங்காகச் செய்தார் என்றுதான் சொல்லவேண்டும்.

காலை பதினொரு மணியிருக்கும். கூட்டம் குறைந்த நேரம். நாற்பத்தெட்டு, ஐம்பது வயதுள்ள ஒரு தமிழ் அம்மா உள்ளே வந்தார். சேலைக்கு மேல் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. தபாலில் வரும் தேர்தல் அட்டை கையில் இல்லை. வீட்டுக்கு வந்த இரண்டு அட்டைகளையும் கணவர் மறந்துபோய்க் கோட்டுப் பைக்குள் வைத்தபடி வேலைக்குக் கொண்டுபோய்விட்டாராம். அட்டை இல்லாவிட்டால் பரவாயில்லை, அட்டை கட்டாயமும் இல்லை. விலாசத்தைச் சொன்னார். பெயர் பரமேஸ்வரி என்றார்.

இடாப்பைப் பார்த்தேன். வாக்காளர் பெயர்களெல்லாம் அதில்தான் இருக்கும். அந்த வீட்டில் இரண்டு குடும்பம். இரண்டு குடும்பத்திலும் மனைவி பெயர் பரமேஸ்வரி. ஒருவர் சிவபாலன் பரமேஸ்வரி, மற்றவர் நடராசா பரமேஸ்வரி. நம்மவர்கள் இங்கே வந்து படிவம் நிரப்பும்போது கணவரின் பெயரைத்தான் மனைவியின் குடும்பப் பெயராக எழுதுவார்கள், உங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு பேரில் சிவபாலனின் மனைவி காலை எட்டு மணிக்கே வேலைக்குப் போகிற வழியில் வாக்களித்துவிட்டார். அவருடைய பெயரில் கோடு விழுந்திருந்தது. ஆகவே இவர் எந்தப் பரமேஸ்வரி என்று எனக்குத் தெரியவேண்டும்.

“முழுப் பெயர்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“பரமேஸ்வரி.”

“கணவரின் பெயர்?”

அவர் தலையைக் குனிந்தார். பிறகு, இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா என்பது போல என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தார். “தம்பி, மூத்தவன்ர பேர் சுகந்தன். சுகந்தன்ர அப்பா” என்றார் தமிழில்.

இங்கேதான், பிள்ளைகளே, கவனியுங்கள். எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. கணவரின் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை. அவமரியாதை என்று நினைப்பவர்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு அப்படித்தான். அந்த மண்டபத்தில் இருந்த எல்லோரிலும் அது விளங்கக்கூடிய ஒரே ஆள் நான். ஆனால் ஓரத்தில் அந்த முகவர் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்திவிட்டார். எனக்கு மாஸ்ரர் வந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது.

அவர் தமிழில் சொன்னதற்கு நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். விளங்காதவன் போல முகத்தை வைத்துக்கொண்டு, “கணவரின் பெயரைச் சொல்லவேண்டும்” என்றேன். அவருடைய சிரிப்பு போய்விட்டது. மூன்றாம் முறையும் கேட்டேன். அவர் கம்பளிச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

முகவர் எழுந்து வந்தார். “மன்னிக்கவேண்டும். அந்த விலாசத்தில் அந்தப் பெயருக்கு ஏற்கனவே வாக்கு விழுந்துவிட்டது. இவருக்குத் தன் குடும்பப் பெயரே தெரியவில்லை. நான் என்ன நினைப்பது?”

அந்த நாளில் வாசலில் ஒரு பொலிஸ்காரர் நிற்பார். பேச்சுச் சத்தம் கேட்டு அவர் ஒரு அடி உள்ளே வைத்தார், அவ்வளவுதான்.  ஆனால் அந்த அம்மாவின் கண் அந்தச் சீருடையில் விழுந்தது. முகம் வெளிறிவிட்டது. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் சீருடையைக் கண்டால் என்ன பாடுபடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. “என்னால் உங்களுக்கு வாக்குச் சீட்டுத் தர முடியாது” என்றேன், அதையும் ஆங்கிலத்தில்தான். அவர் திரும்பிப் போனார். வாசல் கடக்கும்போது சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்ததைப் பார்த்தேன். பார்க்காதது போல இடாப்பின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

பன்னிரண்டு மணியளவில் நம் அம்மையார் வந்தார். அப்போது அவர் நிலையம் நிலையமாகச் சுற்றிப் பார்க்கும் மேற்பார்வையாளர். நான் நடந்ததைச் சொன்னேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பாராட்டை எதிர்பார்த்துத்தான் சொன்னேன். என் ஆட்கள் என்றும் பார்க்காமல் சட்டப்படி நின்றேன் அல்லவா?

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“சட்டத்தில் உள்ள கேள்வியைக் கேட்டாயா?”

“பெயர் கேட்டேன். அவர் சொல்லவில்லை.”

அவர் கைப்பையைத் திறந்து, இறப்பர் பட்டியைக் கழற்றி, பக்கத்தை என் முன் விரித்தார். சந்தேகம் வந்தால் தலைமை அலுவலர் இரண்டே கேள்விதான் கேட்கலாம். ஒன்று, இடாப்பில் உள்ள பதிவை அப்படியே முழுவதும் வாசித்துக் காட்டி, அந்த ஆள் நீங்கள்தானா என்பது. இரண்டு, இந்தத் தேர்தலில் ஏற்கனவே வாக்களித்தீர்களா என்பது. முதலாவதுக்கு ஆம், இரண்டாவதுக்கு இல்லை என்றால் சீட்டைக் கொடுக்கவேண்டும். வேறு எந்த விசாரணைக்கும் அங்கே இடமில்லை.

“பெயரை வாசிக்கவேண்டியது நீ” என்றார். “அவர் ஆம் என்று சொன்னால் போதும். யாருடைய கணவரின் பெயரையும் கேட்கச் சொல்லி யார் உனக்குச் சொன்னது?”

நான் இரண்டாம் கேள்வியையோ முதலாம் கேள்வியையோ கேட்காமல், சட்டத்தில் இல்லாத மூன்றாவது கேள்வி ஒன்றை மூன்று தரம் கேட்டிருக்கிறேன். அந்தப் பெயர் என் கைக்குக் கீழே அச்சில் கிடந்தது. பொய் சொல்லும் ஒருவர் எதையும் சொல்லிவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு போயிருப்பார். பொய் சொல்லாதவரை நான் அனுப்பிவிட்டேன்.

“பக்கத்து வீட்டுக்காரனாக இருக்காதே என்றுதான் சொன்னேன்” என்றார் அம்மையார். “அந்நியனாக நடி என்று சொல்லவில்லையே.” பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “இரவு பத்து மணி வரை கதவு திறந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த நிலையத்துக்குப் போனார்.

அதற்குப் பிறகு புட்டு இறங்கவில்லை. தலைமை அலுவலர் நிலையத்தை விட்டு வெளியே போகக்கூடாது. வாக்காளரைப் போய்க் கூட்டி வருவது எங்கள் வேலையும் இல்லை. அவர் திரும்பி வந்தால்தான் உண்டு. திரும்பி வர அவருக்கு என்ன காரணம் இருக்கிறது? பொலிஸ்காரர் நிற்கும் இடத்துக்கு, தன்னைக் கள்ளி என்று நினைத்த இடத்துக்கு, தன் மொழி பேசும் ஒருவன் தன்னைத் தெரியாதவன் போல நடித்த இடத்துக்கு யார் திரும்பி வருவார்கள்?

மத்தியானம் ஒரு சோதனை வந்தது. வெளியே கேற்றடியில் மற்றக் கட்சிக்காக நின்றவர் ஒரு தமிழர். மேல் டூட்டிங் வீதியில் மளிகைக் கடை வைத்திருந்தார். வாயும் வேகம், அவருடைய வான் வண்டியும் வேகம். காலையில் அந்த அம்மா அழுதுகொண்டு போனதைப் பார்த்திருக்கிறார். தண்ணீர் குடிக்கிற சாட்டில் உள்ளே வந்து என் பக்கத்தில் குனிந்தார்.

“அண்ணை, அந்த மனிசியின்ர விலாசத்தை மட்டும் சொல்லுங்கோ. பத்து நிமிசத்தில வானில ஏத்திக்கொண்டு வந்து விடுறன்.”

சொல்ல வேண்டும் போல எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விலாசம் மனப்பாடம். ஒரு சொல் போதும், என் பிழை திருத்தப்பட்டுவிடும். ஆனால் யார் வாக்களிக்கவில்லை என்பதை ஒரு கட்சிக்கு நான் சொன்னால், காலையில் செய்த பிழையைவிட அது பெரிய பிழை. அதோடு, அந்த அம்மா அந்தக் கட்சியின் வானில் வந்து இறங்கினால் அவருடைய வாக்கு அவருடையதாக இருக்காது. கடைக்காரர் கூட்டி வந்த வாக்காகிவிடும்.

“ஏலாது” என்றேன்.

“உங்கட சனத்துக்கு இந்த உதவிகூடச் செய்ய ஏலாதெண்டா ஏன் அண்ணை உந்தக் கதிரையில இருக்கிறியள்?”

நான் அடுத்த வாக்காளரின் அட்டையை வாங்கினேன்.  அவர் தண்ணீரைக் குடிக்காமலே போனார்.

சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. ஒரு வெற்றுத்தாளை எடுத்து அந்த இரண்டு கேள்விகளையும் தமிழில் எழுதத் தொடங்கினேன். ஏனென்றால் இன்னொரு பயம் வந்துவிட்டது. அவர் வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். நான் ஆங்கிலத்தில் கேட்பேன். முதல் கேள்விக்கு “யெஸ்” என்பார். பயத்தில் இருக்கிறவர்கள் அதிகாரி எதைக் கேட்டாலும் “யெஸ், யெஸ்” என்று தலையாட்டுவது நம் வழக்கம். கவுன்சில் மேசையில் நான் தினமும் பார்த்தது. இரண்டாம் கேள்விக்கும் “யெஸ்” என்று சொன்னால் முடிந்தது கதை. ஏற்கனவே வாக்களித்துவிட்டேன் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். முகவர் மட்டும், இது ஆள்மாறாட்டம், நீதிமன்றத்தில் நிரூபிப்பேன் என்று பொறுப்பேற்றால், பொலிஸ்காரரை வைத்து அவரைக் கைது செய்ய உத்தரவிடும் அதிகாரம் எனக்கு வந்துவிடும். யோசித்துப் பாருங்கள், நான் உத்தரவிட்டு! அவர்களும் அகதி விண்ணப்பம் போட்டவர்களாக இருந்தால் அதன் பிறகு அது என்ன ஆகும்?

பள்ளிக்கூட அலுவலகத்துத் தொலைபேசியை எழுத்தரிடம் சொல்லி மண்டபக் கதவடிக்குக் கொண்டுவரச் செய்து, நகர மண்டபத்துத் தேர்தல் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை, சொல்லுக்குச் சொல் அப்படியே வாசித்தால் சரி, தாளைப் பத்திரமாக வைத்திரு என்றார்கள். தாளை மேசையின் வலது பக்கத்தில் வைத்தேன். மூன்று மணி ஆனது. ஐந்து ஆனது. வேலை முடிந்து வந்தவர்களால் மண்டபம் நிறைந்து, மறுபடியும் வற்றியது.

ஏழரை மணிக்கு அவர் வந்தார். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. அதே கம்பளிச் சட்டை. பக்கத்தில் பெற்றோல் நிலையத்துச் சீருடையில் ஒரு மெலிந்த மனிதர், கையில் இரண்டு தேர்தல் அட்டை. எனக்கு வந்த சந்தோஷத்தில் கதிரையிலிருந்து எழும்பியே இருப்பேன். முழங்கால் மேசையில் இடித்து என்னை உட்கார வைத்தது.

முகவரும் எழுந்துவிட்டார். “மன்னிக்கவேண்டும். இவருக்குச் சட்டக் கேள்விகளைக் கேட்கும்படி நான் கோருகிறேன்.” அட்டையைக் கணவர் நீட்டியதும், “அட்டை யாருடைய கையிலும் இருக்கலாம்” என்றார். அதுவும் உண்மைதான்.

கணவருக்குப் பொறுக்கவில்லை. “நடராசா! என்ர பேர் நடராசா! இவ என்ர மனிசி! நடராசா!” என்று மண்டபம் அதிரச் சொன்னார். வாழ்க்கையில் அவர் தன் பெயரை அவ்வளவு சத்தமாகச் சொன்ன நாள் வேறு இருந்திராது. பொலிஸ்காரர் இரண்டு அடி உள்ளே வந்தார்.

“அண்ணை, நீங்கள் சொல்லக்கூடாது. அவதான் பதில் சொல்லவேணும்” என்றேன். தமிழில்.

“அவ சொல்லமாட்டா! என்ர பேரை அவ ஒருநாளும் சொன்னதில்லை!”

“சொல்லத் தேவையில்லை. நான் வாசிக்கிறன்.”

முகவரைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன்: “இரண்டு கேள்வி. முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில். ஒரு சொல் கூடுதலாக இல்லை. தமிழ் வாசகம் இந்தத் தாளில் இருக்கிறது. யாரிடமும் காட்டிச் சரிபார்க்கலாம்.” அவர் தாளை வாங்கி, ஒரு எழுத்தும் தெரியாத தாளை, மேலிருந்து கீழ் வரை மரியாதையாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

இடாப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசித்தேன். பதிவு எண், நடராசா பரமேஸ்வரி, வீட்டு இலக்கம், தெரு. “இந்த இடாப்பில் இப்படிப் பதியப்பட்டிருக்கும் ஆள் நீங்கள்தானா?”

என் வாயிலிருந்து கணவரின் பெயர் வந்ததும் அவர் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “ஓம்” என்றார். பிறகு முகவருக்காக, “யெஸ்.”

இப்போது இரண்டாவது. ஆங்கிலத்தில் வாசித்தேன். அவர் தலை அசையத் தொடங்கியது.  அவர் வாய் திறப்பதற்கு முன் தமிழைத் தொடங்கினேன். “இந்தத் தேர்தலில், இங்கேயோ வேறெங்கேயோ, நீங்கள் ஏற்கனவே வாக்களித்தீர்களா?”

தலை அப்படியே நின்றது.

“இஞ்சையும் இல்லை, எங்கையும் இல்லை” என்றார். குரல் மெல்ல உயர்ந்தது. “ஊரில ஒருக்காப் போன நேரம், என்ர பேரில ஆரோ முதலே போட்டிட்டுப் போட்டினம். நான் வெறுங்கையோட திரும்பி வந்தனான். என்ர சீவியத்தில நான் ஒருக்காவும் வோட்டுப் போட்டதில்லை. காலமை இந்த மனிசன் என்னைக் கள்ளவோட்டுக்காரி எண்டு நினைச்சிட்டார். அப்பிடியே நினைச்சுக்கொண்டு அவர் வீட்டை போகக்கூடாது. அதுதான் திரும்பி வந்தனான்.”

“இல்லை என்கிறார்” என்றேன் ஆங்கிலத்தில்.

“இல்லை என்பதைவிட நிறையச் சொன்னது போல இருந்ததே” என்றார் முகவர்.

“மிகவும் தெளிவாக இல்லை என்கிறார்.”

அவர் என்னைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், கொப்பியை மூடினார். வழக்குப் பொறுப்பேற்கவில்லை. “இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே?” என்று மட்டும் கேட்டார்.

“காலையில் நான் கேட்கவில்லை” என்றேன். “பிழை என்னுடையது.”

சீட்டைக் கிழித்து முத்திரை குத்திக் கொடுத்தேன். அவர் மறைப்புக்குப் பின்னால் போய் நெடுநேரம் நின்றார். பென்சில் கயிறு அசைவது மட்டும் தெரிந்தது. வந்து சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, உள்ளே விழுந்ததா என்று குனிந்து பார்த்தார். முகவர் தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்தபடி அவருக்கு வழி விட்டார். அவருடைய மன்னிப்பு அப்படித்தான் வந்தது.

ஒரு வாக்கு வித்தியாசத்தில் யாரோ வென்றார்கள் என்று எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வென்றவர் தாராளமாக வென்றார். அந்த அம்மா யாருக்குப் போட்டார் என்று எனக்கு இன்று வரை தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தேர்தலிலும் அவர் வந்தார். கவுன்சில் தேர்தல், பாராளுமன்றத் தேர்தல் எதையும் விடவில்லை. ஆளுக்கு ஆள் விதித்த தலைவரிக்குப் பயந்து பாதித் தெரு இடாப்பிலிருந்து பெயரை ஒளித்த வருடத்திலும் வந்தார். மேசைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, வீட்டு இலக்கத்தைச் சொல்லிவிட்டு, எழுத்தர் பெயரை வாசித்து முடிப்பதற்குள் “யெஸ்” என்பார். முதல் கேள்வியைக் கேட்காமலே பதிலை வாங்கிக்கொண்ட எழுத்தர்கள் என் நிலையத்தில் பலர். அவரைக் கண்டால் என் நாள் நல்லபடியாகப் போகும் என்று ஒரு நம்பிக்கையே எனக்கு வந்துவிட்டது. நான் மனநிறைவோடு ஓய்வுபெற்றேன் என்றால் அதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். நம்மவர் ஒருவர் மேசைக்கு வரும்போது உங்கள் குரல் தானாகவே மாறும். சிலருக்கு இளகும், சிலருக்கு இறுகும். இரண்டையும் கவனியுங்கள். உங்களுக்குத் தெரிந்ததைத் தெரியாதது போலக் காட்டுவது நேர்மை இல்லை. சட்டத்தில் உள்ள கேள்வியைக் கேளுங்கள், முழுவதும் கேளுங்கள், அதற்கு மேல் கேட்காதீர்கள். இது புத்தகத்தில் எழுதியிருக்கிறது. நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை.

அன்று மாலை பெட்டியில் சீட்டைப் போட்ட பிறகு, அவர் நேரே வெளியே போகவில்லை. கணவர் தன் சீட்டோடு மறைப்புக்குள் நின்றார். அதற்காகக் காத்திருக்கும் சாட்டில் என் மேசைக்குக் கிட்ட வந்தார்.

“தம்பி எந்த ஊர்?”

“உடுப்பிட்டி, அக்கா.”

“அம்மா இருக்கிறாவோ?”

“ஓம். ஊரிலதான்.”

“அவ அப்பான்ர பேரைச் சொல்லுவாவோ?”

நான் இடாப்பைப் பார்த்தேன். “சொல்லமாட்டா.”

“பிறகேன் தம்பி காலமை மூண்டு தரம் கேட்டனீங்கள்?”

ஏதாவது சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த முகத்துக்கு முன்னால் பொய் வரவில்லை. 

“பயத்தில, அக்கா.”

அவர் கோபப்படவில்லை. கணவர் வந்து பக்கத்தில் நின்றதும் கம்பளிச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“நானும் பயந்துகொண்டுதான் வந்தனான், தம்பி” என்றார். “எண்டாலும் வந்தனான்.”

அப்படிச் சொல்லிவிட்டுக் கணவரோடு வெளியே போனார்.